ஒரே உடம்பில் இரண்டு அலை

திண்டுக்கல் கூடுகையில் காலைப் பொங்கலுக்கு வரிசையில் நிற்கும்போதே அவரவர் உடம்பைச் சொல்லிவிட வேண்டும். தட்டை நீட்டு, உடம்பைச் சொல், பொங்கலை வாங்கு. எனக்கு முன்னால் நின்றவர், “வலது முழங்கால் பதினொண்ணு, கணையம் நாலு, சோதனைப் பதிப்பு எதுவும் இல்லை” என்றார். ஒருவர் அதைப் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டார். எங்கேயாவது மயங்கி விழுந்தால் உள்ளே எந்தக் கருவியில் எத்தனையாவது பதிப்பு ஓடுகிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அரைகுறையாகச் சோதித்த நிரல்களை உடம்பில் போட்டுக்கொண்டு திரிகிற முன்னூறு பேர் ஒரே கூரையின் கீழ் கூடினால் யாராவது விழத்தான் செய்வார்கள். போன வருடம் இரண்டு பேர் விழுந்தார்கள். இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

“குரலி ஒன்பது. வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.

“டெல்பின் அக்கா, உங்க விவாதம் இன்னைக்குத்தானே?” என்று கரண்டிக்காரர் கேட்டார்.

இன்றைக்குத்தான். பயம் பாதி, பரபரப்பு பாதி. ஒன்பது வருடமாக வருகிறேன், ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை. தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எனக்கு வேலை. வருடம் முழுக்கக் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு இந்த நான்கு நாளுக்காகக் காத்திருப்பேன். மற்றவர்களுக்குக் கோயில் கொடை, மாதா திருவிழா என்றால், எனக்கு மூடிப்போன பூட்டுத் தொழிற்சாலைக்குள் நடக்கும் இந்தச் சண்டைதான் திருவிழா.

எங்கள் தலைமுறைக்கு உடம்பு பாதி பிறந்தது, பாதி பொருத்தியது. இதயத்துக்குத் துடிப்பி, காதுக்குச் செவி, குரல்வளை போனவர்களுக்குக் குரலி. இவற்றைச் செய்து விற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டன. கருவி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, செய்தவனைக் காணோம். கடைசியில் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: கம்பெனி இல்லையென்றால் மூலநிரல் அணிந்தவர்களுக்கே சொந்தம். நல்ல தீர்ப்பு. ஆனால் அதை யார் கட்டி மேய்ப்பது? பகலில் ஒரு வேலையும் மாலையில் தீராத ஆசையும் உள்ள சில ஆட்கள் கிளம்பினார்கள். அவர்களுக்கு ‘ஊருணி’ என்று பெயர். சம்பளம் கிடையாது, பொங்கல் உண்டு.

ஒரு கருவிக்கு வேண்டிய நிரல் முழுவதையும் ஒரு மூட்டையாகக் கட்டுவது பொதி. கட்டுகிறவர் பொதியர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பொதிகளும் ஒரே நாளில் வெளியாகும். அன்று ஒன்றரைக் கோடி உடம்புகள் ஒன்றாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

நான் குரலியின் பொதியர். என்னையும் சேர்த்து உலகத்தில் முன்னூற்றுப் பதினோரு பேர்தான் அதை வைத்துப் பேசுகிறோம். முப்பத்தைந்து வயதில் புற்றுநோய் என் குரல்வளையைக் கொண்டுபோனது. கல்யாண வீடியோவிலிருந்தும் பழைய ஒலிச்செய்திகளிலிருந்தும் குரலி என் குரலைத் திரும்ப உண்டாக்கித் தந்தது. சிரிப்பையும் தந்தது. அது ஒன்றும் அழகான சிரிப்பு இல்லை. பழைய மோட்டார் கிளம்புவது போல விட்டுவிட்டு இழுத்து, கடைசியில் ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு போகும். என் கணவர் இன்னாசி அதற்காகத்தான் என்னைக் கட்டினாராம். அவருக்கு இப்போது இந்தியப் பெருங்கடலின் அடியில், ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. அங்கே போனால் மூன்று வருடத்துக்குக் கரை கிடையாது. படம் வராது. குரல் மட்டும், தினமும் காலை ஆறு பத்துக்கு, நான்கு நிமிடம். அந்த நான்கில் ஒரு நிமிடத்தையாவது என்னைச் சிரிக்க வைப்பதற்கென்றே ஒதுக்குவார். நான் சிரித்ததும், “சரி, எனக்கு விடிஞ்சிட்டு” என்பார். கடலடியில் சூரியன் ஏது?

அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது ஆபத்து.

‘அலை’ என்று ஒரு நிரலகம் உண்டு, பல கருவிகளும் பொதுவாக எடுத்துக்கொள்கிற நிரல். வருகிற சமிக்ஞையில் எது வேண்டியது, எது இரைச்சல் என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. துடிப்பி, செவி, குரலி எல்லாமே அதைத்தான் நம்பியிருக்கின்றன. இதுவரை ஓடியது அலை நான்கு. அடுத்த வெளியீட்டில் அலை ஐந்து வருகிறது. ஐந்து கண்டிப்பானது. ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வருகிற எதுவும் அதற்கு இரைச்சல். இதயத்துக்கு இது வரப்பிரசாதம். தசை நடுக்கத்தை இதயத் துடிப்பு என்று துடிப்பி இனிமேல் ஏமாறாது. அதனால் வருடத்துக்கு நூறு உயிராவது பிழைக்கும் என்கிறார்கள். ஆனால் மனிதச் சிரிப்பு விட்டுவிட்டுத்தானே வருகிறது? அலை ஐந்தைப் போட்டால் குரலி பேச்சை மட்டும் கடத்தும், சிரிப்பை மொத்தமாக வெட்டிவிடும். பேச்சிலும் அந்த ஆளுக்கே உரிய கரகரப்பை இரைச்சல் என்று வழித்துவிடும். முன்னூற்றுப் பதினோரு பேரும் அறிவிப்பாளர் குரலில் பேசுவோம்.

“அப்படியானால் குரலிக்குள் மட்டும் பழைய அலை நான்கின் பிரதியை வைத்துக்கொள்ளேன்” என்று கேட்கலாம். கூடாது. ஊருணியின் முதல் விதி: ஒரு நிரலகத்துக்கு ஒரே பிரதி. எந்தப் பொதியும் தன் வயிற்றுக்குள் தனிப் பிரதியை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த விதிக்கு ஒரு விலக்குக் கேட்டுத்தான் நான் திண்டுக்கல் வந்திருந்தேன். எதிர்த்து நிற்கிறவர் கோயம்புத்தூர் பொன்னுரங்கம், துடிப்பியின் பொதியர்.

விதியை எழுதியவரே அவர்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இன்சுலின் ஏற்றியின் பொதியை அவசரமாகக் கட்டியபோது, வேலை ஓடவேண்டுமே என்று பழைய நிரலகம் ஒன்றை உள்ளே வைத்தார். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தார், மறந்துபோனார். ஓர் உடம்பில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், தேவையானதை இரவல் வாங்கிக்கொள்ளும். ஓர் ஆடி மாதப் புதுப்பிப்பன்று சில உடம்புகளில் துடிப்பி தன் நிரலகத்தைத் தேடிப் போய், இன்சுலின் ஏற்றிக்குள் இருந்த பழைய பிரதியை எடுத்துக்கொண்டது. இருபத்தாறு பேர் இறந்தார்கள். பொன்னுரங்கத்துக்கு அந்த இருபத்தாறு பெயரும் மனப்பாடம். நான் எந்த ஆளோடு மோத வந்திருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருணியில் வாக்கெடுப்பு கிடையாது. நெறியாளர் மூன்று முறை “உறுத்துதா?” என்று கேட்பார். மூன்றாவது முறையும் யாரும் வாய் திறக்காவிட்டால் முடிவு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சடங்கு இருக்கிறது. அதற்கு ‘உடுத்திப் பேசுதல்’ என்று பெயர். எதிராளி கேட்பதை முதலில் உன் உடம்பில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டு, அவருடைய வாதத்தை நீ பேச வேண்டும். “ஆமாம், இதைத்தான் நான் சொல்ல வந்தேன்” என்று எதிராளி ஒத்துக்கொள்ளும்வரை பேச வேண்டும். அதன்பிறகுதான் எதிர்க்கிற உரிமையே வரும். வெளியாட்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எங்களுக்கு இதில்தான் ருசி.

நெறியாளர் மும்தாஜ், ஆம்பூர்க்காரி. முப்பது வயதுகூட ஆகாது. கையில் ஒரு சின்ன மணியை வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆட்களையெல்லாம் உட்கார வைத்துவிடுவாள். அன்று காலை மணியை அடித்து, “டெல்பின் அக்கா முதல்ல உடுத்துறாங்க” என்றாள்.

குரலி இருக்கும் கழுத்துப் பட்டையில் நான் அலை ஐந்தை ஏற்றினேன். அரை நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு, “வணக்கம்” என்றேன். என் வாயிலிருந்து யாரோ ஒரு பெண் வணக்கம் சொன்னாள். சுத்தமான குரல், சலவைக்குப் போய் வந்த குரல். ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்வதற்குப் பொருத்தமாக இருந்திருக்கும். எனக்கு உடம்பு கூசியது.

ஆனாலும் பேசினேன். மூன்று மாதமாக அவருடைய பழைய மடல்களைப் படித்துத் தயாராகி வந்திருந்தேன்.

“அண்ணாச்சி சொல்லுதது இதுதான். பழைய பிரதியை உள்ள வைக்கணும்னு கேக்குதவளுக்கு நல்ல காரணம் இருக்கும். எல்லாருக்கும் நல்ல காரணம்தான் இருக்கும். அவ அதைச் சுத்தி வேலி போடுவா, மத்தக் கருவி எதுவும் உள்ள வராதபடிக்கு. நல்ல வேலிதான். மொத வருஷம் தினமும் வேலியைப் பாப்பா. அடுத்த வருஷம் வாரத்துக்கு ஒரு தடவை. அதுக்கப்புறம் ஆலையில வேலை கூடிரும், உடம்புக்கு முடியாமப் போகும். வேலி அங்கனயே நிக்கும், பாக்க ஆள் இருக்காது. அவளுக்கு ஒண்ணு கொடுத்தா நாளைக்கு நானூறு பேரு வந்து கேப்பாங்க. நானூறு வேலி. கெட்டவங்க செய்யுததைக் கண்டுபிடிச்சிரலாம். நல்லவங்க மறந்துபோறதை எதை வச்சுக் கண்டுபிடிக்க? அதுக்குத்தான் விதி.”

பேசப் பேச எனக்கே ஒன்று புரிந்தது. நான் இட்டுக்கட்டவில்லை. ஆலையில் போன வருடம் நான் மாற்றுகிறேன் என்று சொல்லி மறந்த வால்வு ஒன்று என் கண் முன்னால் வந்து நின்றது.

பொன்னுரங்கம் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தொடுகிற ஆள், ஒல்லியாக இருப்பார். “ஆமாங்க. நானே இவ்வளவு சரியாச் சொன்னதில்லீங்க” என்றார்.

அடுத்தது அவர் முறை. அவருக்குக் குரலி கிடையாது; நெஞ்சில் துடிப்பி, காதில் செவி. என் விலக்கை அவர் உடுத்துவது என்றால், துடிப்பியில் அலை ஐந்து, செவிக்குள் என் வேலியோடு அலை நான்கு. ஒரே உடம்பில் இரண்டு பிரதி. எதைப் போட்டு இருபத்தாறு பேர் செத்தார்களோ, அதையே அவர் தன் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

“அண்ணா, மறுக்க உரிமை இருக்கு. மறுத்தா உங்க எதிர்ப்பு மட்டும் பதிவாகாது” என்றாள் மும்தாஜ்.

“தெரியுமுங்க. ஏத்துங்க” என்றார்.

மருத்துவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். பொன்னுரங்கத்தின் நாடித்துடிப்பைச் சுவரில் காட்டினார்கள். எழுபத்திரண்டு. ஏற்றி முடித்ததும் இரண்டு பிரதிகளும் ஒரே நேரத்தில் விழிக்கும். ஆபத்து அந்த ஒரு கணத்தில்தான். துடிப்பி தன் அலையைத் தேடும்போது என் வேலி தாங்க வேண்டும். நான் எழுதிய வேலி. நாற்பது தடவை சோதித்தது. நாற்பதும் மேசைமேல் வைத்த கருவிகளில். உள்ளே ஆள் இருக்கும் நெஞ்சில் ஒருமுறைகூட இல்லை.

எழுபத்தொன்று. எழுபத்து நான்கு. எண்பத்தொன்று. தொண்ணூற்றாறு.

“நிறுத்துங்க, எனக்கு விலக்கு வேண்டாம், எடுத்துருங்க” என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பி யார் கத்தியது என்று தேடினார்கள். பக்கத்தில் இருந்தவர்கூட எனக்குப் பின்னால் பார்த்தார். சற்றுமுன் இதே குரலில் பேசியிருந்தும், அது நான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பொன்னுரங்கம் கையைத் தூக்கி மருத்துவரைத் தடுத்தார். “நெஞ்சுக்கு ஒண்ணுமில்லீங்க. இருங்க” என்றார். தலையைச் சாய்த்துக் கூடத்தின் பின்பக்கம் பார்த்தார். “அங்க யாரோ சிரிச்சாங்களா?”

கடைசி வரிசையில் ஓர் இளம்பெண் எழுந்தாள். பதற்றத்தில் தன்னை அறியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாளாம், மன்னிப்புக் கேட்டாள்.

“மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க அம்மணி. இன்னொருக்காச் சிரிங்க.”

கேட்டால் சிரிப்பு வருமா? ஆனால் அவர் கேட்ட விதத்தில் நாலு பேருக்கு வந்துவிட்டது. பொன்னுரங்கம் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். துடிப்பு நூற்று மூன்றுக்குப் போய், மெல்ல இறங்கி எழுபத்தெட்டில் நின்றது. வேலி தாங்கிவிட்டது. அவர் இதயம் ஓடியது வேறு காரணத்துக்காக.

“நான் மூணு மாசமா அலை அஞ்சைச் சோதிச்சுட்டு இருக்கேனுங்க. நெஞ்சுலயும் அதுதான், காதுலயும் அதுதான். நெஞ்சு கடியாரமாட்ட ஓடுது. ஆனா இந்த மூணு மாசமா நான் என்ன சொன்னாலும் வீட்ல யாரும் சிரிக்கிறதில்லை. பேரன் பேத்தியெல்லாம் வாயத் தொறக்குதுங்க, சத்தம் வரலை. எனக்கு எதிர்ல சிரிக்கப் பயந்துட்டு அடக்கிக்கறாங்கன்னு நெனச்சேன். இங்க வந்து ரெண்டு நாளாச்சு, பழைய கூட்டாளிககிட்ட தமாசு சொன்னேன், ஒருத்தரும் சிரிக்கலை. சரி, இந்த அம்மணிக்கு எதிரா நிக்கறேனுட்டு எம்மேல எல்லாத்துக்கும் கோவம்னு முடிவு பண்ணிட்டேனுங்க. எனக்கும் கோவம் வந்துருச்சு. நேத்தெல்லாம் யாருகூடவும் பேசாம ரூமுக்குள்ளயே உக்காந்திருந்தேன்.”

காதில் இருந்த செவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இப்ப அம்மணியோட வாதத்தச் சொல்லணுமில்லீங்களா? சொல்றேன். ஒடம்பக் காப்பாத்தறதுக்குத்தான் ஒரே பிரதி விதி. அது சரி. ஆனா அந்த விதியில அந்த ஒடம்புக்கும் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் நடுவுல இருந்தது அறுந்துபோகுதுன்னா, அறுந்ததுகூடத் தெரியாம ஒருத்தன் மூணு மாசம் மொறச்சுக்கிட்டே திரியறான்னா, அதையும் பிழைன்னுதான் எழுதணும். அவ்வளவுதானுங்க. சரியாச் சொன்னனா?”

“ஆமா அண்ணாச்சி” என்றேன் அந்த ரயில் நிலையக் குரலில். சந்தோஷமா துக்கமா என்று எனக்கே பிரித்தறியத் தெரியவில்லை.

மும்தாஜ் மணியை அடித்தாள். “ரெண்டு பேரும் உடுத்திப் பேசியாச்சு. இப்ப அவங்கவங்க நிலைப்பாட்டைச் சொல்லுங்க. டெல்பின் அக்கா, விலக்கு வேணுமா?”

“வேண்டாம். அண்ணாச்சி சொல்லுதது சரி. தொண்ணூத்தாறுன்னு பாத்தப்ப எனக்கு உயிரே போயிட்டு. யாரு நெஞ்சுலயும் நான் வேலி கட்ட மாட்டேன். விதி இருக்கட்டும்.”

“பொன்னுரங்கம் அண்ணா, விதி அப்படியே இருக்கணுமா?”

“இல்லீங்க. அம்மணி சொன்னதுதான் சரி. விலக்குக் குடுத்தரலாம்.”

மும்தாஜ் மணியைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றாள். ஊருணியின் வரலாற்றில் இது முதல்முறை. சடங்கு அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு ஒழுங்காகப் புரிந்துகொண்டதில் இடம் மாறிப்போய், பழையபடி எதிரும் புதிருமாக நின்றுகொண்டிருந்தோம். முதலில் யாரோ ஒருவர் தொடங்கினார், பிறகு கூடம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் கேட்டார்.

நானும் சிரித்தேன். தோள் குலுங்கியது, வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் மட்டும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் என் கையைத் தொட்டு, “அழாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்றார்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். நானும் பொன்னுரங்கமும் ஒரு பழைய லேத் மிஷின்மேல் டம்ளரை வைத்துவிட்டு எதிரெதிரே நின்றோம். அவர் என் கழுத்துப் பட்டையையே பார்த்தார்.

“அலை அஞ்சையே திருத்திடலாமுங்களே? சிரிப்பு எது, தசை நடுக்கம் எதுன்னு பிரிக்கச் சொல்லிக் குடுத்தா?”

“திருத்தலாம். ஆனா திருத்தினதை இதயத்துல போட்டுச் சோதிக்க ரெண்டு வருஷம் ஆகும்லா? அதுவரைக்கும் முன்னூத்திச் சொச்சம் பேரு இப்படியே இருக்கணும்” என்றேன்.

“அதுவரைக்கும் விலக்கு. இந்த ஒரு வெளியீட்டுக்கு மட்டும்.”

“விலக்கு கிடைச்சா யாரு அண்ணாச்சி திருத்துவா? நானே என் பழைய குரலை வாங்கிட்டு ஊருக்குப் போயிருவேன். ஒரு மாசம் கழிச்சுப் பாத்துக்கிடலாம்னு இருப்பேன். நீங்க பயந்தது அதுக்குத்தானே?”

சொல்லி வாயை மூடுவதற்குள் விடை எனக்கு வந்துவிட்டது. வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மண்டைக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருடமாக யாரும் அவிழ்க்காத முடிச்சு. அதன் நுனி என் கையில் இருக்கிறது.

“விலக்கு கேட்டவளுக்கு விலக்கு கிடையாது” என்றேன். “மத்த முன்னூத்திப்பத்து பேரும் பழைய குரல்ல பேசட்டும். கேட்டவ மட்டும் புதுசோட வாழணும். அப்பத்தான் ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது குத்தும். குத்தினாத்தான் திருத்துவா.”

பொன்னுரங்கம் தன் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“அப்ப மறுத்தவன் விலக்கை உடுத்தணுமுங்க” என்றார். “இந்த ரெண்டு பிரதியும் எனக்குள்ளயே ஓடட்டும். ரெண்டு வருஷமும். வேலி உங்களோடது, நெஞ்சு என்னோடது. நான் ஒரு நாளும் பாக்க மறக்க மாட்டனுங்க.”

“உங்களுக்கு எதாவது ஒண்ணுன்னா?”

“அதானுங்களே நானும் சொல்றேன். மறக்க மாட்டேன்.”

இரண்டு பேருமாகக் காகிதத்தில் எழுதினோம். நாலே வரி. ஒரு பொதி தனிப் பிரதி வைத்துக்கொள்ள விலக்குக் கேட்கலாம், ஒரே ஒரு வெளியீட்டுக்கு. கேட்டவர் அந்த வெளியீடு முழுவதும் விதியை உடுத்த வேண்டும். மறுத்தவர் விலக்கை உடுத்த வேண்டும். அப்படி உடுத்த இரண்டு பேர் இல்லையென்றால் விலக்கும் இல்லை.

மும்தாஜ் அதை இரண்டு முறை படித்தாள். மேடையேறி உரக்கப் படித்துவிட்டு, “உறுத்துதா?” என்று கேட்டாள். முதல் முறை யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை, கடைசி வரிசைப் பெண் எழுந்தாள். காலையில் களுக்கென்று சிரித்த அதே பெண்.

“எனக்கு உறுத்துது. ரெண்டு வருஷத்துல திருத்த முடியலைன்னா?”

“விலக்கு போயிரும்” என்றேன். “முன்னூத்திப்பத்து பேரும் இந்தா இப்படித்தான் பேசுவாங்க. அதுல ஒரு பாட்டு வாத்தியாரும் இருக்காரு. உனக்கு நிரல் எழுத வருமா?”

“வரும். செவியோட பொதியர்ல நானும் ஒருத்தி. அதுலயும் இந்தச் சிரிப்பு வெட்டு இருக்கே.”

“அப்ப வா. ஒரு கை கூடும்.”

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு உட்கார்ந்தாள். மும்தாஜ் மூன்றாவது முறை கேட்டாள். பூட்டுத் தொழிற்சாலையின் தகரக் கூரையில் புறா நடக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மணி அடித்தது. கூடமே எழுந்து நின்று கைதட்டியது. பொன்னுரங்கம் எனக்குக் கைகொடுத்தார், நான் அவர் கையை விடவே இல்லை. என் வாழ்க்கையில் அப்படியொரு மதியம் வந்ததில்லை. எனக்கு ஆடவேண்டும்போல் இருந்தது, கொஞ்சம் ஆடவும் செய்தேன்.

இன்னாசிக்கு அன்று மாலையே எழுத்தில் செய்தி அனுப்பினேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். என் குரல் இரண்டு வருடத்துக்கு வராது என்று எழுதினேன். அவரைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன் என்பதையும் எழுதினேன். அவருடைய காலைப் பொழுதில் ஒரு பங்கை நான் எடுத்து யாருக்கோ கொடுத்திருக்கிறேன், அவர் கோபப்பட்டால் அது நியாயம்தான். பதில் எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு விடுதி மொட்டைமாடியில் நின்று அழைப்பை எடுத்தேன். மலைக்கோட்டையின்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

“ஏங்க, நான்தான்” என்றேன்.

கடலடிக்குப் போய்த் திரும்ப இரண்டு விநாடி ஆகும். ஆறேழு விநாடி ஆயிற்று.

“படிச்சேன்” என்றார். “படிச்சதுனால நீதான்னு தெரியுது. இல்லன்னா தெரியாது, டெல்பி.”

“கோவமா?”

“நேத்து கோவம். ராத்திரி பூரா கோவம். அந்தப் பாட்டு வாத்தியாரு இனிமே பாடுவாரா?”

“பாடுவாரு.”

“அப்ப சரி. கேளு, இங்க ஒரு கூத்து. எங்க சமையக்காரன் மூணு நாளா மீன்குழம்புல உப்புக்குப் பதிலா சீனியைப் போட்டுட்டு இருக்கான். ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஏன்னு கேளு. நம்ம நாக்குக்குத்தான் எதோ பிழைன்னு ஒவ்வொருத்தனும் ரகசியமா டாக்டர்கிட்ட போயிருக்கான். பதினாலு பேரு. டாக்டரு சாப்பிடுதது தனிச் சமையலு. அவரு பதினாலு பேருக்கும் நாக்கைச் சோதிச்சு மருந்து எழுதிக் கொடுத்துட்டாரு.”

நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. பதினாலு பேரும் வரிசையில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் வந்து நின்று போகமாட்டேன் என்றது.

“டெல்பி? லைன் போயிட்டா? டெல்பி, இருக்கியா?”

“இருக்கேன்” என்றேன், மூச்சு வந்ததும்.

“என்ன, பிடிக்கலையா?”

“சிரிச்சேன்.”

இரண்டு விநாடி போனது. இன்னும் இரண்டு போனது.

“எவ்வளவு நேரம்?”

“நீங்க கூப்பிடுத வரைக்கும்.”

“அப்ப நல்லாத்தான் சொல்லியிருக்கேன்” என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. கடலடியில் அவர் மூக்கை உறிஞ்சுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “இன்னும் ஒரு நிமிசம் இருக்கு. அடுத்ததைச் சொல்லுதேன். சிரிச்சா, சிரிச்சேன்னு வாயால சொல்லிரணும், என்ன?”

“சொல்லுதேன்” என்றேன்.